குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு வீட்டுக்கணினியும் லினக்ஸும்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், ஆலங்குளம் என்று பல ஊர்களிலிருந்தும் சிறு வீட்டுக்கணினியையும், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தையும் பற்றி ஒரே விதமான ஐயங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நம் பக்கத்தில் ஒரு கணினி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை மின்சாரமும் வெக்கையும் தூசியும்தான் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அவற்றைப் பற்றிய விடைகள் நீண்டும், பிராசசரின் வேகத்தைப் பற்றிய விடைகள் சுருங்கியும் இருக்கும்.

சின்னப் பெட்டி, சின்னப் பெட்டினு சொல்லுதியளே, அது எது அண்ணாச்சி?

நாள் முழுதும் ஓடினாலும் ஒரு சிறு எல்இடி விளக்கின் அளவுக்கே மின்சாரம் எடுக்கும் முழுமையான கணினியைத்தான் அப்படிச் சொல்கிறோம். இப்போது நம் கைக்கு எட்டுவன நான்கு வகை. முதலாவது, ராஸ்பெர்ரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினி. இரண்டாவது, இன்டெல் என்100 போன்ற பிராசசர் பொருத்தி ஆயத்தமாக விற்கப்படும் மினி பிசி. மூன்றாவது, பெரிய அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்த லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி ஆகிய கனத்த புத்தகம் அளவிலான பெட்டிகள். நான்காவது, 17 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டை (எல்லாப் பாகங்களும் பொருந்தும் மூலப்பலகையை) வாங்கி நாமே கூட்டிச் சேர்ப்பது.

இதுல என்ன வேலை பாக்கலாம், என்ன பாக்க முடியாது?

இணையம், மின்னஞ்சல், தமிழ்த் தட்டச்சு, கணக்குத் தாள்கள், பிள்ளைகளின் இணைய வகுப்பு, நிரல் பழகுதல், முழு எச்டி காணொளி பார்த்தல், வீட்டுப் படங்களைச் சேர்த்து வைத்தல் ஆகிய அனைத்தும் தடையின்றி நடக்கும். என்100 வகை 4கே காணொளியையும் சிரமமின்றிக் காட்டும்.

கனமான விளையாட்டுகளுக்கும், கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்களின் தொழில்முறைப் படத்தொகுப்புக்கும், 4கே காணொளி வெட்டி ஒட்டுவதற்கும் இது பொருந்தாது. அந்த வேலைகள் உங்கள் பிழைப்பாக இருந்தால் பெரிய கணினியே வாங்குங்கள்.

24 மணி நேரமும் ஓடுனா கரண்டு பில்லு எங்க போய் நிக்கும்?

கணக்கு எளியது. சராசரியாக 10 வாட் எடுக்கும் பெட்டி ஒரு நாளைக்கு 240 வாட் மணி, அதாவது கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகச் செலவழிக்கும். மின்வாரியம் நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறது அல்லவா, அந்த 60 நாளுக்கு இது 14.4 யூனிட். சும்மா இருக்கும்போதே 70 வாட் எடுக்கும் பழைய மேசைக்கணினியை அதே போல ஓட விட்டால் 60 நாளில் 100.8 யூனிட் ஆகும். வீட்டு இணைப்புக்கு அரசு கட்டணமில்லாமல் தரும் முதல் 100 யூனிட்டையும் அந்த ஒரு பெட்டியே தின்றுவிடும்.

இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. கூடுதலாகச் செலவாகும் யூனிட் ஒவ்வொன்றும் நீங்கள் ஏற்கெனவே நிற்கும் மேல்படியின் விலையில்தான் கணக்காகும். குளிர்சாதனம் ஓடும் சித்திரை, வைகாசியில் 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இந்த 14 யூனிட்டுக்கும் 100 யூனிட்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிது.

திரையின் செலவு இதில் சேராது. சாதாரண எல்இடி திரை 15 முதல் 25 வாட் வரை எடுக்கும், அதாவது பெட்டியை விடக் கூடுதலாக. வேலை முடிந்ததும் திரையை அணைப்பதே உங்களால் செய்யக்கூடிய மிகப் பெரிய சேமிப்பு.

ராஸ்பெர்ரி பையா, என்100-ஆ, பழைய ஆபீஸ் பெட்டியா? சுத்தி வளைக்காம ஒண்ணைச் சொல்லுங்க.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வேலை பார்க்கும் கணினி வேண்டுமென்றால் 8 அல்லது 16 ஜிபி ராம் உள்ள என்100 பெட்டி. அதுவே என் பரிந்துரை. 2023 தொடக்கத்தில் வந்த இந்தப் பிராசசரில் நான்கு கோர்கள் உள்ளன. பெட்டி முழுவதும் சேர்ந்து ஓய்வில் 6 முதல் 10 வாட் வரையும், முழு வேலையில் 20 வாட்டை ஒட்டியும் எடுக்கும். சாதாரணக் கணினிக்கு எழுதப்பட்ட லினக்ஸ் மென்பொருள் அனைத்தும் இதில் அப்படியே ஓடும்.

கையில் காசு குறைவென்றால், ஆறாம் தலைமுறைக்குப் பிந்தைய ஐ5 பிராசசர் உள்ள பழைய அலுவலகப் பெட்டி நல்ல தேர்வு. பெயரின் முடிவில் டி என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது 35 வாட் வகை என்பதற்கு அடையாளம். ஓய்வில் 10 முதல் 15 வாட் எடுக்கும். உறுதியான இரும்புப் பெட்டி, திறந்து துடைக்க எளிது, உதிரிப் பாகமும் கிடைக்கும். வாங்கும்போது அடாப்டர் அந்த நிறுவனத்தின் அசலா என்று பார்த்து வாங்குங்கள்.

ராஸ்பெர்ரி பை ஓய்வில் 3 வாட் அளவிலேயே நிற்கும் அருமையான சாதனம். மின்னணுவியல் படிக்கும் பிள்ளைக்கும், தோட்டத்து மோட்டாரைக் கண்காணிப்பது போன்ற வேலைக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் பலகையோடு கூடு, விசிறி, மின் அடாப்டர், சுழலும் பாகமில்லாத சேமிப்பான எஸ்எஸ்டி எல்லாம் தனித்தனியே வாங்கிச் சேர்த்தால் விலை என்100 பெட்டிக்கு அருகில் வந்துவிடும். பை 5-க்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் தனி அடாப்டர் வேண்டும். 3 ஆம்பியர் அடாப்டரில் அது எழுந்துவிடும் என்றாலும், யுஎஸ்பி வழியே செருகும் கருவிகளுக்குத் தரும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளி ஹார்டு டிஸ்க் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது என்ற புகார்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நானே வாங்கிக் கோர்க்கணும்னு ஆசை. என்னென்ன வாங்கணும்?

பிராசசரோடு சேர்த்தே விற்கப்படும் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, மின்வழங்கி, கூடு, இவ்வளவுதான். என்100 பிராசசர் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருவதால், தனியே பொருத்தும் வேலை இல்லை. பின்னாளில் மாற்றவும் முடியாது.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, ராம்: சில போர்டு டிடிஆர்4 கேட்கும், சில டிடிஆர்5 கேட்கும், இரண்டின் வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் நுழையாது. என்100 ஒற்றைத் தடத்தில்தான் ராமை அணுகும் என்பதால் இரண்டு சிறு துண்டுகளை விட ஒரே பெரிய துண்டு போதும். இன்டெல் சொல்லும் உச்ச அளவு 16 ஜிபி. இரண்டு, எஸ்எஸ்டி: பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் எம்.2 துண்டுகளில் சாட்டா வகையும் என்விஎம்இ வகையும் உண்டு. போர்டின் குறிப்பேட்டைப் படித்து, வகையையும், 80 மில்லிமீட்டரா 42 மில்லிமீட்டரா என்ற நீளத்தையும் உறுதி செய்த பிறகே பணம் கொடுங்கள்.

மூன்றாவது மின்வழங்கி. 10 வாட் கணினிக்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கிப் பொருத்துகிறார்கள். அவ்வளவு பெரிய எஸ்எம்பிஎஸ் மிகக் குறைந்த சுமையில் திறமையாக இயங்காது. பெட்டி எடுப்பதில் கணிசமான பங்கை அதுவே வெப்பமாக வீணாக்கும். 12 வோல்ட் நேர்மின்னோட்ட (டிசி) உள்ளீடு கொண்ட போர்டைத் தேர்ந்தெடுங்கள். இந்தியத் தர அமைவனமான பிஐஎஸ்ஸின் பதிவு எண் அச்சிட்ட 12 வோல்ட் அடாப்டர் ஒன்று அதற்குப் போதும். கரண்டு போகும்போது இதனால் கிடைக்கும் இன்னொரு நன்மையைப் பின்னர் சொல்கிறேன்.

தம்பி, எம் மவளுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த லேப்டாப்பு பீரோவுல கெடக்கு. அதையே இதுக்கு வச்சுக்கலாமா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அம்மா. 2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகள் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பதிந்தே வந்தது. மடிக்கணினி இயல்பிலேயே குறைந்த மின்சாரத்துக்காக வடிவமைக்கப்பட்டது. 10 முதல் 20 வாட்டுக்குள் ஓடும். அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ராமை 4 ஜிபி அல்லது 8 ஜிபி ஆக்கினால், கடிதம் எழுதவும் பாட்டுக் கேட்கவும் கோப்பு சேமிக்கவும் இன்னும் பல காலம் உழைக்கும்.

பேட்டரியை மட்டும் கவனியுங்கள். உப்பிப் போயிருந்தால், தொடுபலகை மேலெழும்பி நிற்பதே அடையாளம், உடனே கழற்றி மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். உப்பிய பேட்டரியை மாட்டியபடி இரவும் பகலும் மின்னிணைப்பில் விட்டுவைப்பது தீவிபத்தை அழைப்பதாகும். பேட்டரி இல்லாமல் அடாப்டரிலேயே பெரும்பாலான மடிக்கணினிகள் ஓடும்.

டெபியனா, உபுண்டுவா, மின்ட்டா?

மூன்றும் லினக்ஸின் வெவ்வேறு வடிவங்கள். விண்டோஸில் பழகியவர்கள் உட்காரப் போகிறார்கள் என்றால் லினக்ஸ் மின்ட்டின், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரையமைப்புள்ள பதிப்பு. பட்டியலும் பணிப்பட்டையும் அவர்களுக்குப் பழகிய இடத்திலேயே இருக்கும். திரையில்லாமல் ஒரு மூலையில் நின்று ஓடப் போகும் பெட்டி என்றால் டெபியன். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், வைஃபை முதலிய பாகங்களை இயக்கத் தேவையான சிறு மென்பொருளாகிய ஃபர்ம்வேர் நிறுவியிலேயே சேர்த்து வழங்கப்படுவதால், முன்பிருந்த பெரிய தொல்லை நீங்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்துள்ளது. ஒவ்வொரு பதிப்புக்கும் நீண்டகாலப் பராமரிப்பையும் சேர்த்து ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்.

மிகப் பழைய 32 பிட் கணினி வைத்திருப்போர் ஒன்றை அறிய வேண்டும்: டெபியன் 13-இல் அந்த வகைக்கான நிறுவி இல்லை. 64 பிட் வகையாக இருந்தும் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட பெட்டிகளோ இதில் நன்றாக ஓடும். விண்டோஸ் 10-க்கான பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அவற்றைக் குப்பைக்கு அனுப்பும் முன் ஒரு முறை லினக்ஸ் போட்டுப் பாருங்கள்.

பென்டிரைவ்ல போட்டு இன்ஸ்டால் பண்ணும்போது பழைய படமெல்லாம் அழிஞ்சிருமா?

டிஸ்க் முழுவதையும் பயன்படுத்து என்ற தெரிவை அழுத்தினால் எல்லாம் அழியும். நிறுவுவதற்கு முன் படங்களை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைப்பதற்கு மாற்று வழியே இல்லை. மின்ட்டின் பென்டிரைவ் எதையும் அழிக்காமல் நேரடியாக இயங்கும். அப்படி ஓட விட்டு வைஃபை, ஒலி, பிரிண்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று சோதித்த பிறகே நிறுவுங்கள்.

டெபியன் நிறுவி, முழு உரிமை உள்ள நிர்வாகியான ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். அப்போது நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கே நிர்வாக உரிமை கிடைக்கும், இரண்டு கடவுச்சொற்களை நினைவில் வைக்கும் தொல்லை இராது.

சித்திரை வெயிலுக்கு இது தாங்குமா? ஃபேன் இல்லாத பெட்டி வாங்கலாமா?

பாளையங்கோட்டையில் கோடையில் வெப்பமானி 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது வாடிக்கை. தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) நேர் கீழே உள்ள அறையில் மாலை வரை அந்த வெக்கை இறங்காது. கணினியின் உள் வெப்பம் எப்போதும் அறை வெப்பத்தின் மேல் ஏறி நிற்பது என்பதால், குளிர்ந்த ஊரில் 60 டிகிரி செல்சியஸில் ஓடும் அதே பெட்டி இங்கே 75, 80 டிகிரியில் ஓடும். பிராசசர் எரிந்துவிடாது. வெப்பம் எல்லையைத் தொட்டால் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி பையில் அந்தக் குறைப்பு 80 டிகிரியிலேயே தொடங்கும். உண்மையில் வெக்கையால் ஆயுள் குறைவது அடாப்டரின் மின்தேக்கிகளும் எஸ்எஸ்டியும்தான்.

ஆகவே, நாள் முழுதும் ஓடும் பெட்டிக்கு, மெதுவாகச் சுழலும் விசிறி உள்ளதையே நான் பரிந்துரைப்பேன். விசிறி இல்லாததை வாங்கினால் உலோகக் கூடும் தடித்த விலாக்களும் உள்ளதாகப் பார்த்து, சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். பெட்டிக்கு ஏற்ற இடம் காற்றோடும் தார்சா. வீட்டின் உள்ளறையான அரங்கு வீடு தரை குளிர்ந்திருந்தாலும் காற்றோட்டம் இல்லாததால், அங்கே சேரும் வெப்பம் அங்கேயே நிற்கும். டிவி பெட்டிக்குப் பின்னாலும், வேட்டி போர்த்திய அலமாரிக்குள்ளும் வைக்கவே கூடாது.

ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை, பெட்டியைத் திறந்து ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அந்தக் காற்று கொண்டுவரும் புழுதி விசிறியின் விலாக்களில் கம்பளி போலப் படிந்துவிடும். பின்பக்கத்தில் பயன்படாத துளைகளை மெல்லிய கம்பி வலையால் மூடினால் பல்லியும் எறும்பும் உள்ளே போகா.

கரண்டு போய்ப் போய் வருதே, லினக்ஸ் கெட்டுப் போயிராதா?

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி. லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஒரு பேரேட்டில் குறித்துக்கொண்டு பிறகே நடைமுறைப்படுத்தும். மின்சாரம் திடீரென நின்றாலும், அடுத்த முறை எழும்போது அந்தப் பேரேட்டைப் படித்து, பாதியில் நின்றதைச் சில நொடிகளில் சரிசெய்துவிடும். இவ்வாறு காக்கப்படுவது கோப்பு முறைமையின் ஒழுங்குதான். அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கடிதம் சேமிக்கப்படாமல் போகலாம். மைக்ரோ எஸ்டி அட்டையில் ஓடும் ராஸ்பெர்ரி பைக்கு இந்தப் பாதுகாப்பு போதாது. அட்டையே கெட்டுப்போவது உண்டு என்பதால் அதிலும் எஸ்எஸ்டி பயன்படுத்துங்கள்.

செய்ய வேண்டியவை இரண்டு. கணினி எழும்போதே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கத் தொடங்கு என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதை இயக்கி வைத்தால் நீங்கள் ஊரில் இல்லாதபோதும் பெட்டி தானே எழும். அடுத்து, ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை இடையில் மாட்டுங்கள். 12 வோல்ட் போர்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் அடாப்டரில் 12 வோல்ட் 3 ஆம்பியர் என்று இருந்தால் யூபிஎஸ்ஸும் 3 ஆம்பியர் தர வேண்டும். 19 வோல்ட் கேட்கும் பெட்டிகளுக்கு இது பொருந்தாது.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கணக்கிட ஒரு நுணுக்கம் உண்டு. அட்டையில் 8,800 எம்ஏஎச், அதாவது 8.8 ஆம்பியர் மணி, என்று போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளேயுள்ள லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான அளவு. 8.8-ஐ 3.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 32.5 வாட் மணி. பெட்டிக்கு 10, ரவுட்டருக்கு 8 என்று 18 வாட் சுமை இருந்தால், மாற்றத்தில் வீணாவது போக ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுதும் நிறுத்தும்போது இது போதாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்க விசையை யூபிஎஸ் நிலையில் வையுங்கள். மற்ற நிலையில் மாறும் இடைவெளி நீண்டு, கணினி ஒரு முறை அணைந்து எழும்.

பெட்டியைத் தொட்டா சுள்ளுங்குது. பெட்டி கோளாறா?

பெரும்பாலும் கோளாறு சுவரில் இருக்கிறது. மின்வழங்கியின் இரைச்சல் வடிகட்டியில், பேஸ் கம்பிக்கும் நியூட்ரல் கம்பிக்கும் நடுவே இரு சிறு மின்தேக்கிகள் உலோகக் கூட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே வரும் மிகச் சிறிய கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் கூடு, 230 வோல்ட்டின் பாதியளவில், மிதந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. ஆனால் வேறொரு கருவியில் உண்மையான கசிவு ஏற்பட்டாலும் அந்த வீட்டில் உங்களைக் காப்பதற்கு எர்த் இல்லை என்பதற்கு இது எச்சரிக்கை.

எலக்ட்ரீசியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துத் தேரி மணலில் கோடையில் ஈரமே இராது என்பதால் எர்த் குழி வறண்டு பயனற்றுப் போகும். அங்கெல்லாம் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது அவசியம். எந்தக் காரணம் கொண்டும் பிளக்கின் மூன்றாவது முள்ளை வெட்டாதீர்கள். வெளி அடாப்டரே இரண்டு முள் உள்ளதாக இருந்தால், இலேசான கூச்சம் அந்த வகையின் இயல்பு.

இடி மின்னல் வந்தா என்ன செய்ய?

பிளக்கையும், வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பி எதுவாக இருந்தாலும் அதையும், மழை தொடங்கும் முன் கழற்றுங்கள். விசையை அணைப்பது மட்டும் போதாது. கண்ணாடி இழை இணைப்பு மின்னலைக் கடத்தாது என்றாலும், அதைத் தாங்கி வரும் இரும்புக் கம்பி கடத்தும். அக்கம்பி வீட்டுக்குள் நுழையாதபடி வெளிச் சுவரோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

நமக்கு உவரிப் பக்கம் வீடு. உப்புக் காத்துல எவ்வளவு நாள் ஓடும்?

கடலோரத்தில் வேலை நிறுத்தி வைத்த பெட்டிதான் விரைவில் கெடும். ஓடும் பெட்டியின் மெல்லிய சூடு ஈரத்தைப் படிய விடாது. அணைந்து கிடப்பதில் உப்பும் ஈரமும் சேர்ந்து ராம் துண்டின் தொடுமுனைகளை அரிக்கும். கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரில் வைக்காதீர்கள். திடீரென எழ மறுத்தால் முதலில் ராமைக் கழற்றி, தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் பொருத்திப் பாருங்கள்.

தமிழ்ல டைப் பண்ண முடியுமா? பழைய பாமினி, வானவில் ஃபைல் எல்லாம் தெறக்குமா?

முடியும். ஐபஸ் என்ற உள்ளீட்டு ஏற்பாட்டையும் எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு ஆகிய விசைப்பலகைகள் கிடைக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 பழகச் சில நாள் பிடித்தாலும், பழகியபின் விரலுக்கு வேலை குறைவு. நோட்டோ எழுத்துருத் தொகுப்பையும் நிறுவிக்கொண்டால் இணையத்தில் எந்தத் தமிழ்ப் பக்கமும் பிழையின்றித் தெரியும்.

பாமினி, வானவில் கோப்புகள் ஒருங்குறிக்கு முந்தைய குறியாக்கத்தில் உள்ளன. உங்களிடம் உள்ள அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸின் எழுத்துரு அடைவில் போட்டால் லிப்ரேஆபீஸில் அவை படிக்கும்படி தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. சங்கக் கணக்கு, கோயில் வரலாறு போன்று நீண்ட காலம் வைத்திருக்க வேண்டியவற்றை ஒருங்குறிக்கு மாற்றிச் சேமிப்பதே முறை.

கடையில இருக்குற பிரிண்டர் ஓடுமா?

எச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவை அந்நிறுவனமே வழங்கும் எச்பிலிப் தொகுப்பால் ஓடும். வைஃபை உள்ள புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் தனி டிரைவரே இல்லாமல் ஓடும். ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும் கேனான் எல்பிபி 2900 போன்றவை காப்ட் என்ற தனி முறையில் இயங்குபவை. அவற்றுக்கு அந்நிறுவனம் தந்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைப் பிராசசருக்கு மட்டுமே உரியது. ஆகவே அத்தகைய பிரிண்டர் வைத்திருப்பவர் ராஸ்பெர்ரி பை வாங்குவதற்கு முன் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும்.

டேலியும் ஜிஎஸ்டி டிஜிட்டல் கையெழுத்தும் இதுல வருமா?

டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஒயின் என்ற இடைமென்பொருள் மூலம் ஓட்டிப் பார்க்கலாம் என்றாலும், ஒரு கடையின் கணக்கை அதை நம்பி விடச் சொல்ல மாட்டேன். ஜிஎஸ்டி தளத்தைப் பார்ப்பதற்கும், ஓடிபி வழியே ஒப்பமிடுவதற்கும் லினக்ஸ் போதும். யுஎஸ்பி டோக்கனில் டிஜிட்டல் கையெழுத்து இடுபவர்கள் அந்த வேலைக்கென்று ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொள்வதே நலம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நடத்துவதில் குறையொன்றும் இல்லை.

24 மணி நேரமும் ஓட விட்டு வீட்டுல அப்படி என்னதான் பண்ண?

சாம்பா நிறுவினால் வீட்டிலுள்ள எல்லாக் கைபேசியும் கணினியும் பொதுவாகப் பார்க்கும் கோப்பு அலமாரி கிடைக்கும். பத்திரம், பட்டா, சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் ஒரே இடத்தில் இருக்கும். சிங்க்திங் கைபேசிப் படங்களை வீட்டுக்கு வந்ததும் தானாக இறக்கி வைக்கும். ஜெல்லிஃபின் அவற்றையும் கல்யாண வீடியோக்களையும் டிவியில் காட்டும். டிவி ஏற்காத வடிவத்தை ஓடும்போதே மாற்றித் தரும் வேலை என்100-இன் வரைகலைப் பகுதிக்கு எளிது. பை 5-இல் அதற்கான வன்பொருள் குறியாக்கி இல்லாததால் அது திணறும்.

பெங்களூர்ல இருந்து எம் மவன் இந்தப் பெட்டிக்குள்ள வரணும். ரவுட்டர்ல போர்ட்டைத் திறந்து விட்டாச்சு, ஆனா வர மாட்டேங்குது.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டரை எட்டவே எட்டாது. வெளியிலிருந்து நுழையும் வாயிலான போர்ட்டை எத்தனை திறந்தாலும் பயனில்லை.

அந்த நிலையில் டெய்ல்ஸ்கேல் போன்ற ஏற்பாடு பொருந்தும். இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்து, மறைகுறியாக்கப்பட்ட பாதை ஒன்றை அமைத்துக்கொள்ளும். பொது முகவரி உள்ளவர்கள், 2020 மார்ச் முதல் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்துவிட்ட, அதே போன்ற பாதை அமைக்கும் வயர்கார்டை நேரடியாகப் பயன்படுத்தலாம். எந்த நிலையிலும் சாம்பாவின் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். திறந்திருந்தால் இப்போதே மூடிவிடுங்கள்.

ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு பண்ணியாச்சு. இனி பேக்கப் எதுக்கு?

ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே எழுதும் இந்த ரெய்டு காப்பது ஒரு டிஸ்க் கெடுவதிலிருந்து மட்டுமே. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். மேலே சொன்ன மின்னல் இரண்டையும் சேர்த்தே தாக்கும். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரைபுரண்டபோது திருநெல்வேலி சந்திப்பிலும் கொக்கிரகுளத்திலும் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த நீரில் ஒரு பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் இருந்தாலும் ஒன்றுதான்.

வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் வாரந்தோறும் நகல் எடுத்து, கழற்றி, பரண் உயரத்தில் வையுங்கள். மற்றொன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து, பொங்கலுக்கும் ஆடி அமாவாசைக்கும் போகும்போது மாற்றி எடுத்து வாருங்கள். அதிலுள்ள நகலை மறைகுறியாக்கி வைத்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து விடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் நகலிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

6 வாட் சிப்புனு போட்டிருக்கு, சும்மா கெடக்கும்போதே மீட்டர் 16 வாட் காட்டுதே. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. 6 வாட் என்பது பிராசசரின் வெப்ப வடிவமைப்பு அளவு. ராம், எஸ்எஸ்டி, வலையமைப்புச் சில்லு, அடாப்டரில் வீணாவது ஆகியவை அதற்கு மேல் சேரும். என்றாலும், ஓய்வில் 16 வாட் என்பது நான் முன்பு சொன்ன 6 முதல் 10 வாட்டை விடக் கூடுதல்தான், காரணத்தைத் தேடலாம். முதலில் திரையும் அந்த மீட்டர் அளக்கும் அதே மின்செருகுப் பலகையில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, சுழலும் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் இருந்தால் அது மட்டுமே 4 முதல் 6 வாட் எடுக்கும்; பயன்படாதபோது அது உறங்கும்படி அமைக்கலாம். பெரிய எஸ்எம்பிஎஸ் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

இவை எதுவும் இல்லையென்றால் பவர்டாப் என்ற கருவியை நிறுவி ஓட விடுங்கள். பிராசசர் எந்த ஆழத்து உறக்க நிலை வரை இறங்குகிறது என்பதை அது காட்டும். ஆழ்ந்த நிலைகளை ஒரு போதும் எட்டவில்லை என்றால், ஏதோ ஒரு பாகம் அதை உறங்க விடாமல் எழுப்பிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது மின்சேமிப்பு நிறுத்தி வைக்கப்பட்ட வலையமைப்புச் சில்லாகவோ, பயன்படாமலே ஓடும் வைஃபை அட்டையாகவோ இருக்கும். பயாஸில், இணைப்புத் தடங்களின் மின்சேமிப்பான ஏஎஸ்பிஎம் என்ற தெரிவை இயக்கி, தேவையற்ற வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்து, பவர்டாப் காட்டும் சேமிப்புத் தெரிவுகளை ஒவ்வொன்றாக இயக்கி மீட்டரைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே அடியாக இயக்கினால், விசைப்பலகையும் மவுஸும் சில நொடிக்கு ஒரு முறை உறங்கிப்போகும் தொல்லை வரலாம். அப்படி வந்தால் யுஎஸ்பிக்கான தெரிவை மட்டும் பழைய நிலைக்குத் திருப்புங்கள்.